உச்சிவெயில் படங்கள்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குயிலாப்பாளையம் சாலையில் கேமராக்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து ஆரோவில்லுக்குப் போகும் வழியில் இருக்கிற ஊர் இது. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் பைக்கில் வருகிறவர்களுக்கு இங்கே எல்லாமே படம்தான்: செம்மண் பாதை, முந்திரித் தோப்பு, பனை, வாசலில் கோலம் போடும் பெண், தலையில் சுமையோடு நடந்து போகும் பெண். எட்டு மணிக்குள் படம் எடுத்து முடித்துவிட்டுக் காபிக்குப் போய்விடுவார்கள். மறுபடி கேமரா வெளியே வருவது மாலை ஐந்தரைக்கு மேல்தான். இடைப்பட்ட பகலில் 'லைட் சரியில்லை' என்பார்கள்.

வெளிச்சம் சரியாக இருக்கும் இந்த இரண்டு வேளைகளுக்கும் 'கோல்டன் அவர்' என்று பெயர். சூரியன் சாய்ந்திருக்கும்போது ஒளி காற்றின் ஊடாக அதிக தூரம் கடந்து வருகிறது. நீலம் சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. நிழல் நீண்டு முகத்துக்கு ஆழம் தருகிறது. இது இயற்பியல், இதில் ஆண் பெண் கிடையாது. ஆனால் காலை ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பக்கூடியவர் யார், மாலை ஆறரைக்குத் தோப்போரம் தனியாக நிற்கக்கூடியவர் யார் என்று கேட்டால் இயற்பியல் நின்றுபோய்ச் சமூகம் தொடங்குகிறது. காலை ஆறு மணி என்பது தண்ணீர் பிடிக்கிற, வாசல் தெளிக்கிற, சாப்பாடு கட்டுகிற நேரம். மாலை ஆறு மணி என்பது பெண்கள் விடுதியின் கதவு சாத்துகிற நேரம். நல்ல ஒளியின் இரண்டு வேளைகளும் பெண்ணின் வேலையும் காவலும் இறுகுகிற வேளைகள். அந்த நேரத்தில் அவள் படத்துக்குள் இருக்கலாம், கோலப்பொடியோடு. படத்துக்கு வெளியே, கேமராவோடு, இருப்பது கடினம்.

படம் எடுக்கும் ஆசையுள்ள மாணவிகளுக்குக் கிடைப்பது பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை. கல்லூரி மரத்தடி, பேருந்து ஜன்னல், கிணற்றடி, மொட்டை மாடியில் காயும் வடகம். நிழல் காலடியில் சுருண்டிருக்கும். முகத்தில் கண்குழி கறுத்திருக்கும். அழகியல் பாடப்புத்தகம் இவற்றைத் தோற்ற படங்கள் என்று ஒதுக்கும். ஒரு பொழுதுபோக்குப் புகைப்படத்தை மதிப்பிடுகிறவர் அதன் ஒளியைப் பார்க்கும்போது கடிகாரத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். அந்த ஒளி எடுத்தவருடைய ரசனையை மட்டும் சொல்லவில்லை, அவருக்கு எத்தனை மணி நேரம் சொந்தமாக இருந்தது என்பதையும் சொல்கிறது.

'அமெச்சூர்' என்ற சொல்லின் வேரில் 'நேசிப்பவர்' என்ற பொருள் இருக்கிறது. காசுக்காக இல்லாமல் பிரியத்துக்காகச் செய்கிறவர். பிரியம் எல்லோருக்கும் உண்டு. பிரியத்துக்கென்று ஒதுக்க ஒரு காலைப்பொழுது எல்லோருக்கும் இல்லை.

கேமரா கம்பெனிகளுக்குப் பெண்ணின் மீது தொடக்கத்திலிருந்தே கண் இருந்தது. 1888இல் சந்தைக்கு வந்த கோடாக், சில ஆண்டுகளிலேயே 'கோடாக் கேர்ள்' என்ற உருவத்தை விளம்பரங்களில் நிறுத்தியது. ஊர் சுற்றுகிற, கையில் கேமரா வைத்திருக்கிற இளம்பெண். 1900இல் ஒரு டாலருக்கு பிரௌனி கேமரா வந்தது. பெண் வாங்க வேண்டும் என்று விரும்பிய அதே விளம்பரம், 'பெண்கூட இயக்கும் அளவுக்கு எளிது' என்ற செய்தியையும் சேர்த்தே விற்றது.

நம் வீடுகளுக்குக் கேமரா வந்தது தாமதமாக. ஆக்ஃபா கிளிக் III பலருக்கு நினைவிருக்கும்: ஒரு சுருளில் 12 சதுரப் படங்கள், வெயிலுக்கு ஒன்று மேகத்துக்கு ஒன்று என்று இரண்டே நிலைகள். இத்தகைய எளிய கேமராக்களுக்கு நல்ல வெயில் கட்டாயம். எடுப்பவர் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், எடுக்கப்படுகிறவர் சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதே அன்றைய பாடம். அதனால்தான் பழைய ஆல்பங்களில் நம் அம்மாக்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மகாபலிபுரத்தில், ஊட்டியில், மேட்டூர் அணையில், எல்லா இடத்திலும் அதே சுருங்கிய கண்கள். அதை நாம் கூச்சம் என்றோ கோபம் என்றோ படித்திருக்கிறோம். அவர்கள் வெயிலைப் பார்த்து நிற்கும்படி சொல்லப்பட்டவர்கள். சில படங்களின் கீழ்விளிம்பில் ஒரு நிழல் விழுந்திருக்கும். பெரும்பாலும் அது அப்பாவின் நிழல். குடும்ப ஆல்பத்தில் அம்மா எல்லாப் படத்திலும் இருக்கிறார், ஒரு படத்தையும் எடுத்ததில்லை. அப்பா ஒன்றிரண்டில்தான் இருக்கிறார், ஆனால் எல்லாம் அவர் பார்த்தது.

இந்த ஏற்பாட்டை மீறிப் பெண்களின் கையில் கேமரா வந்தபோது என்ன நடந்தது? இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று அறியப்படும் ஹோமாய் வியாரவாலா (1913–2012) ஒரு பிக்னிக்கிலிருந்துதான் தொடங்கினார். பம்பாயின் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், பெண்கள் சங்கம் ஒன்று போன சுற்றுலாவை அவர் எடுத்த படங்கள் 'பாம்பே கிரானிக்கிள்' பத்திரிகையில் வெளியாயின. படம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கிடைத்தது. பிக்னிக் என்பதே பகல் நேரத்து விஷயம். வீட்டு வேலை முடித்துக் கிளம்பி, விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடக் கூடிய தூரம். பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட வெளி அவ்வளவுதான். அந்த அளவுக்குள் நின்றுதான் ஹோமாய் தன் கண்ணைப் பழக்கினார்.

அதே காலத்தில் அவர் தன் வகுப்புத் தோழி ரெஹானா மொகலைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் இன்னொரு பெண்ணை எடுத்தவை அவை. தோழிக்கு முன்னால் நிற்கிறவளுக்கு முந்தானையைச் சரிசெய்யும் அவசரம் இல்லை. வீட்டு ஆல்பத்தின் கண் சுருங்கிய பெண்களோடு இந்தப் பெண்ணை வைத்துப் பார்த்தால், யார் எடுத்தது என்ற கேள்வி படத்தின் உள்ளேயே பதிலோடு இருப்பது தெரியும். ஹோமாயின் தொடக்ககாலப் படங்கள் பலவும் கணவர் மானெக்‌ஷாவின் பெயரில்தான் அச்சேறின. பெண்ணின் பெயரைப் பத்திரிகை நம்பாத காலம். பின்னாளில் தலைவர்களையும் ஆட்சி மாற்றத்தையும் எடுத்து ஹோமாய் வரலாற்றில் இடம்பெற்றார். 2011இல் பத்மவிபூஷண் வந்தது. புகழுரைகள் அந்தத் தலைவர்களின் வரிசையில்தான் தொடங்குகின்றன. பெண்களின் பிக்னிக் ஒரு வரியில் கடந்துபோகிறது. எனக்கு அந்த வரியில்தான் அவருடைய பள்ளிக்கூடம் இருப்பதாகத் தோன்றுகிறது.

1919இல் பிறந்த இரட்டையர் மனோபினா, தேபலீனா ஆகியோரின் கதை வேறு. காசியை ஒட்டிய ராம்நகரில் வளர்ந்தவர்கள். 12 வயதில் அவர்களுக்கு அப்பா கேமரா கொடுத்தார். படங்களைத் தாங்களே கழுவிப் பிரதி எடுக்கவும் கற்றார்கள், கண்காட்சிகளுக்கு அனுப்பினார்கள். மனோபினா திருமணம் செய்துகொண்டது இயக்குநர் பிமல் ராயை. அவரும் ஒளிப்பதிவாளராகத் திரைக்கு வந்தவர்தான். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் ஒளி தெரியும். ஒருவருக்கு அது தொழில், இன்னொருவருக்குப் பொழுதுபோக்கு. சகோதரிகள் இருவரும் கடைசிவரை அமெச்சூர்களாகவே இருந்தார்கள். குழந்தைகள், உறவினர்கள், பயணங்கள், வெளிநாட்டுத் தெருக்கள் என்று கைக்கு எட்டியதை எல்லாம் எடுத்தார்கள். நேருவும் தாகூரும் மனோபினாவின் கேமராவுக்கு முன் இருந்திருக்கிறார்கள்.

இதைத் தியாகக் கதையாக எழுதுவது எளிது. சாதனைக் கதையாக எழுதுவதும் எளிது. இரண்டும் 'அமெச்சூர்' என்பதைக் குறைந்த படியாக வைத்துக்கொள்கின்றன. குடும்பத்துக்கு இடையில் கிடைத்த நேரத்தில், யாருக்கும் கணக்குக் கொடுக்காமல், பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருந்த கண் அது. நம் பாட்டிகளின் கோலமும் தாலாட்டும் இதே நேரத்தில் பிறந்தவைதான். தாலாட்டை இலக்கியம் என்று ஏற்றுக்கொள்ள நமக்கு எவ்வளவு காலம் ஆனது என்பதை நினைத்துக்கொண்டால், ஸ்நாப் படத்தை ஏற்றுக்கொள்ள ஏன் இவ்வளவு தயக்கம் என்பதும் விளங்கும்.

ஆனால் பெண் கையில் கேமரா இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயப் பெண் ஜூலியா மார்கரெட் கேமரன் 1863இல், 48 வயதில், மகள் கொடுத்த பரிசாகத்தான் கேமராவைத் தொட்டார். கோழிக்கூண்டைப் படக்கூடமாக்கிக்கொண்ட இந்த அமெச்சூர் இன்று புகைப்பட வரலாற்றின் பெரிய பெயர்களில் ஒன்று. கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் அவர்கள் அங்கே குடியேறினார்கள். 1879இல் அங்கேயே இறந்தார். அந்த ஆண்டுகளில் களுத்துறைப் பக்கத்துக் கிராமத்தவரையும் தோட்டத் தொழிலாளரையும் எடுத்தார்.

இங்கிலாந்தில் அவருக்கு மாதிரியாக நின்ற வேலைக்காரப் பெண்களின் பெயர் நமக்குத் தெரியும்: மேரி ஹில்லியர், மேரி ரயன். இலங்கைப் படங்களில் இருக்கிறவர்களின் பெயர் தெரியாது. களுத்துறைக் குடியானவர்கள் என்று தலைப்பிட்ட ஒரு படத்தில் அவர் குறிப்பு எழுதியிருக்கிறார்: சிறுமிக்கு 12 வயது, முதியவர் தன்னை அவளுடைய தந்தை என்றும் தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார், பெயரை எழுதவில்லை. அவரைப் பார்க்க வந்த ஓவியர் மரியன் நார்த் இன்னொன்றும் சொல்கிறார். ஒரு ஆளின் முதுகு அழகாக இருந்ததற்காக அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளச் செய்தாராம் கேமரன். வீட்டில் தோட்டமே இல்லை. ஓய்வும் ஒளியும் தோட்டமும் கையில் இருந்த பெண், மற்றவரின் உடலைக் காட்சியாக்க முடியும். பால் ஒன்றாக இருப்பது வர்க்கத்தையும் இனத்தையும் கரைத்துவிடுவதில்லை.

பெயர் சொல்லாமை தமிழுக்குப் புதிதில்லையே என்று மாணவிகள் கேட்கக்கூடும். அகத்திணையில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. அந்த விதி காதலிக்கிறவளைக் காக்கிறது. யாரும் அந்தப் பாட்டுக்குள் போய் நிற்க வழி விடுகிறது. அங்கே முகமும் இல்லை. புகைப்படத்தில் முகம் இருக்கிறது; அந்த ஒருத்தியின் மூக்குத்தி, அந்த ஒருத்தியின் வெடித்த குதிகால். முகத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டு 'கிராமத்துப் பெண்' என்று தலைப்பு வைப்பது அகமரபில் சேராது. சங்கத் தொகைகளைத் தொகுத்தவர்கள், பெயர் தொலைந்துபோன புலவரையும் பெயரில்லாமல் விட மனமில்லாமல், அவருடைய உவமையையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று அழைத்தார்கள். அந்த அக்கறையில் பாதியாவது செம்மண் பாதையில் படமெடுக்கிறவருக்கு வேண்டும்.

குயிலாப்பாளையத்தில் இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது இந்தப் பீடபூமி பெரும்பாலும் மரமற்ற செம்மண். இன்று படமெடுக்கிறவர்கள் தேடி வருகிற நிழல் நட்டு வளர்த்தது. அந்த வளர்ப்பில் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் கூலிக்கு வெட்டிய குழிகளும் சுமந்த தண்ணீரும் உண்டு. அவர்களுடைய பேத்திகள் இன்று விருந்தினர் இல்லங்களில் வேலை செய்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், கல்லூரிக்குப் போகிறார்கள். காலை வெயிலில் கோலம் போடும் உருவமாக மட்டுமே அவர்களைத் திரும்பத் திரும்ப எடுப்பது, ஐம்பது ஆண்டு உழைப்பின் மீது மஞ்சள் ஒளியைப் பூசி மறைப்பது. எடுத்த படம் அந்த வாசலுக்குத் திரும்பி வருகிறதா என்றும் கேட்க வேண்டும். ஊர் ஸ்டுடியோவில் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட பெண்ணுக்குப் பிரதியாவது சொந்தமாக இருந்தது. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் அத்தகைய பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் திரட்டிக் காத்துவருகிறார்கள். எப்படித் தெரிய வேண்டும் என்று தாங்களே முடிவுசெய்து உட்கார்ந்த பெண்களை அங்கே பார்க்கலாம்.

சங்க இலக்கியம் ஒவ்வொரு பொழுதையும் ஒரு திணைக்குக் கொடுத்தது. மாலை முல்லைக்கு, காத்திருப்புக்கு. வைகறை மருதத்துக்கு, ஊடலுக்கு. நண்பகல் பாலைக்கு. பாலைதான் தலைவி வீட்டைவிட்டு வெளியே நடக்கிற திணை, உடன்போக்கின் திணை. பெண் வெளியே வருகிற நேரம் உச்சிவெயில் என்பதை நம் மரபு முன்பே அறிந்திருக்கிறது. அந்த ஒளியில் அழகில்லை என்று அது சொல்லவில்லை.

இப்போது கேமரா எல்லாப் பெண்களின் கையிலும் போனாக இருக்கிறது. கூடவே, படத்தை வெளியே போடாதே, யாராவது தப்பாகப் பயன்படுத்துவார்கள் என்ற பயமும் இருக்கிறது. பயத்துக்குக் காரணங்கள் உண்மையானவை. வெளியே போட வேண்டியதில்லை. எடுங்கள், அழிக்காமல் வையுங்கள். நிழல் காலடியில் கிடந்தால் கிடக்கட்டும். சிலவற்றையாவது காகிதத்தில் பிரதி எடுங்கள். படத்தில் இருப்பவருக்கு ஒன்றைக் கொடுங்கள். உங்களிடம் இருப்பதன் பின்பக்கம் அவருடைய பெயரை எழுதுங்கள். எடுத்தவர் என்று உங்கள் பெயரை எழுதுங்கள். மணியையும் எழுதுங்கள்.