அச்சிட்ட சுவரும் லயன் காம்பிராவும்

கணினி கட்டடக்கலையிற் புகுந்துள்ளமை ஒரு புரட்சியாகவே இன்று விதந்துரைக்கப்படுகின்றது. 2021 இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் 600 சதுர அடி வீடொன்று முப்பரிமாண அச்சு முறையில் அமைக்கப்பட்டது. 2023 இல் பெங்களூரில் 1,021 சதுர அடி அஞ்சலகம் ஒன்று 43 நாட்களில் எழுந்தது. கணினியில் வரைந்த வடிவத்தைப் பின்பற்றி, இயந்திரம் கொங்கிறீற்றுக் குழம்பைப் படைபடையாகப் பிழிந்து சுவராக்குகின்றது, பலகை அடைப்பு வேண்டுவதில்லை, காலம் மிஞ்சுகின்றது. இச்சாதனையை நாம் மறுக்கவில்லை. ஆயின், இத்தொழில்நுட்பம் யாருக்காக, யாருடைய நிலத்தில், யாருடைய முடிவின்படி இயங்கப்போகின்றது என்று வினவாத விமர்சனம் குறைபாடுடையதே. அவ்வினாவைப் பலாங்கொடைத் தோட்டங்களை முன்வைத்து எழுப்ப விழைகின்றோம்.

தோட்டத்து லயமும் ஒரு காலத்தின் நவீன கட்டுமானமே. ஒரே அளவான அறைகள், பொதுச் சுவர்கள், ஆலையில் உருவாகிக் கப்பலேறி வந்த நெளிதகரக் கூரை ஆகியவற்றில் 19 ஆம் நூற்றாண்டுக் கைத்தொழில் உற்பத்தியின் நியதி முழுமையாக வெளிப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற காம்பிரா அளவு குடும்பத்தின் தேவையிலிருந்து பிறந்ததன்று. உழைப்பாளியைக் குறைந்த செலவில், கண்காணிப்புக்கு எட்டும் தூரத்தில் வைத்திருக்கும் தேவையிலிருந்து பிறந்தது. விரைவும் சிக்கனமும் தம்மளவில் முற்போக்கானவை அல்ல என்பதற்கு லயமே சான்று.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. இரு மாற்றங்களின்போதும் காம்பிரா நின்ற நிலம் அதில் வாழ்ந்தோருக்கு உரித்தாகவில்லை. இந்திய உதவியுடன் மலையகத்துக்கு முதலில் ஒதுக்கப்பட்ட 4,000 வீடுகளும் மத்திய, ஊவா மாகாணங்களுக்கே உரியவையாயின. 2017 இல் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளின் திட்டத்திலேயே சப்பிரகமுவ இடம்பெற்றது. இத்தாமதத்துக்குச் சுவரெழுப்பும் வேகம் காரணமன்று. ஏழு பேர்ச்சஸ் நிலமும் அதற்கான உறுதியுமே பிரச்சினையின் மையம். காணி உறுதியை எந்த இயந்திரமும் அச்சிட்டுத் தராது.

அவ்வாறாயின் புதிய தொழில்நுட்பத்துக்கு இங்கு இடமில்லையா? உண்டு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலும் மலை சரிந்தது. ஆகவே சுவரை அச்சிடுவதற்கு முன்னர், எந்தச் சரிவு குடியிருப்புக்கு உகந்தது என்பதை லேசர் அளவீட்டாலும் ஆளில்லா விமானப் படங்களாலும் துணிதல் வேண்டும். அம்முடிவுகள் தமிழில் தோட்ட மக்களின் கைக்குச் சேருதலும் வேண்டும். பாரிய அச்சியந்திரமோ சமதளத்தையும் அகன்ற பாதையையும் வேண்டி நிற்பது. செங்குத்தான தோட்டப் பாதைகள் அதற்கு எளிதில் இடந்தரா.

இலங்கைக் கட்டடக்கலைஞர் மினற் டி சில்வா 1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டபுளுவ வீடமைப்பின்போது, குடியேறவிருந்தோரிடம் வினாக்கொத்து வழங்கி அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்த பின்னரே வரைபடங்களை அமைத்தார். ஒவ்வொரு வீட்டையும் வெவ்வேறாக வடிவமைக்கக் கணினி இன்று வழிசெய்துள்ளது. அவர் கையால் செய்ததைப் பல மடங்கு செய்ய இயலும். சமையலறை எத்திசையில் அமைய வேண்டும், பிள்ளை படிக்க எவ்விடம் வேண்டும் என்று தோட்டத்துப் பெண்ணைக் கேட்காமல் அதே இயந்திரத்தை இயக்கினால், பத்துக்குப் பன்னிரண்டு என்ற பழைய அளவே கொங்கிறீற்றில் மீண்டும் வார்க்கப்படும். தோட்டத்து இளைஞர் அவ்வியந்திரத்தை இயக்கவும் வரைபடத்தைத் திருத்தவும் பயிற்றப்படுவார்களா என்பதும் இதனோடு இணைந்த வினாவாகும். நில உரிமையும் வடிவமைப்பில் பங்கும் மக்களுக்குக் கிட்டும்போதே இப்புதுமை மலையகத்தில் முற்போக்கான பொருளைப் பெறும் என்பது எமது துணிபு.