இரத்தக்காட்டேரியும் திரையின் நிழலும்

இறந்த பின்னும் கல்லறையிலிருந்து எழுந்துவந்து, உயிருள்ளோரின் குருதியைக் குடித்துத் தன் இருப்பை நீட்டித்துக்கொள்ளும் இரத்தக்காட்டேரி, கிழக்கு ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கைகளில் வேரூன்றி, பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலின் வழியே உலகறிந்த பாத்திரமாயிற்று. நூறாண்டு கடந்தும் அப்பாத்திரம் திரையில் அலுக்காதிருப்பதற்கு அச்சமூட்டும் கதை மட்டுமே காரணமன்று. ஒளியையும் நிழலையும் மூலப்பொருளாகக் கொண்ட திரைக்கலை, தன் இயல்புக்கு ஏற்றவாறு அதனைப் புதிதாகப் படைத்துக்கொண்டதே முதன்மையான காரணம்.

அப்படைப்பின் தொடக்கத்தை, எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கி 1922 மார்ச் 4 அன்று பெர்லினில் திரையிடப்பட்ட ‘நோஸ்ஃபெராட்டு’ என்னும் மௌனப்படத்தில் காணலாம். ஸ்டோக்கரின் டிராகுலாவுக்கு நிழல் விழாது. பகலில் அவனுடைய ஆற்றல் குன்றுமேயன்றி வெயில் அவனைக் கொல்வதில்லை. முர்னாவும் திரைக்கதை எழுதிய ஹென்ரிக் காலீனும் இவ்விரண்டையும் தலைகீழாக்கினர். மாக்ஸ் ஷ்ரெக் நடித்த ஆர்லோக் பிரபுவுக்கு உடலினும் வலிய நிழல் வாய்த்தது. விடியற்கதிரே அவனுக்குக் கூற்றமும் ஆயிற்று. வெயில் பட்டால் இரத்தக்காட்டேரி அழிந்துபோகும் என்று இன்று எங்கும் நிலவும் எண்ணம் இப்படத்தின் வழியாகவே பரவலாயிற்று.

இறுதிப் பகுதியில் ஆர்லோக் மாடிப்படி ஏறும் காட்சி இக்கலையின் உச்சம். சட்டகத்துள் அவனுடைய உடல் இல்லை. கூனிய முதுகும் நீண்ட நகங்களும் கொண்ட கரிய நிழல் மட்டும் சுவரில் ஊர்ந்து மேலேறி, கதவை நோக்கிக் கை நீட்டுகிறது. அடுத்து அக்கையின் நிழல், கதாநாயகி எல்லெனின் வெண்ணிற இரவு உடையின் மீது படிந்து, நெஞ்சுக்கு மேலாக வந்து, விரல்களை இறுக மூடுகிறது. இதயமே பிடிபட்டதுபோல் அவள் துடிக்கிறாள். தீண்டல் என்று ஒன்று நிகழாமலே தீண்டப்பட்ட வேதனையைப் பார்வையாளர் உணர்கின்றனர். எழுத்தோ மேடையோ இத்துணை எளிமையாக எட்ட முடியாத விளைவு இது.

இத்தகைய துணிவு படம் நெடுகிலும் உண்டு. ஆர்லோக்கின் வண்டி காட்டுக்குள் விரையும்போது, கருமையும் வெண்மையும் இடம்மாறித் தோன்றும் நெகட்டிவ் படிமமாகவே காட்சி திரையிடப்படுவதால், வெளுத்த மரங்கள் இருண்ட வானத்தின் கீழ் நின்று, வழக்கமான உலகம் அங்கே முடிந்துவிட்டதை உணர்த்துகின்றன. இரவுக் காட்சிகள் பகலில் எடுக்கப்பட்டு, பிரதியின் குறிப்பிட்ட பகுதியை ஒரே நிறச் சாயத்தில் தோய்க்கும் ‘டிண்டிங்’ முறையில் நீலமாக்கப்பட்டன. அந்நீலம் இல்லாத பிரதிகளில், வெயிலால் மடிய வேண்டியவன் பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்து நடப்பதாகத் தோன்றுவதிலிருந்தே, அச்சாயம் கதைக்கு எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

நாவலைத் தழுவ உரிமை பெறாததால் ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுக்க, பிரதிகளை அழிக்குமாறு 1925-இல் ஜெர்மானிய நீதிமன்றம் ஆணையிட்டது. பிற நாடுகளுக்குச் சென்றிருந்த பிரதிகளால் படம் பிழைத்தது. அதன் பின்னர் இப்பாத்திரத்தைத் தொட்ட கலைஞர் பலரும் தம் காலத்துக் கருவிகளின் எல்லையைச் சோதித்துள்ளனர். 1931-இல் வெளியான ‘டிராகுலா’வில் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட், பேலா லுகோசியின் கண்களின் மீது மட்டும் குறுகிய ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, கோரைப்பல் காட்டாமலே அச்சத்தை விளைவித்தார். கார்ல் தியோடோர் டிரேயரின் ‘வாம்பயர்’ (1932) படத்தில் நிழல்கள் தமக்குரிய உடல்களை விட்டுப் பிரிந்து தாமாகவே திரிகின்றன. 1958-இல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம், கிறிஸ்டோபர் லீயின் கோரைப்பல்லையும் குருதியின் செம்மையையும் வண்ணத்தில் காட்டி, அடங்கிக்கிடந்த காமத்தை வெளிப்படையாக்கியது. ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவோ 1992-இல், கணினி உத்திகள் வளரத் தொடங்கிய வேளையில், மௌனப்படக் காலத்துத் தந்திரங்களையே விரும்பி நாடி, டிராகுலா பிரபுவின் நிழலைத் தானாகவே இயங்கவைத்தார்.

இரத்தக்காட்டேரிக் கதைகளின் போக்கு பெரும்பாலும் முன்பே தெரிந்ததுதான்; ஆயினும் தெரிந்த இராகத்தை ஒவ்வொரு வித்துவானும் எவ்வாறு விரிக்கிறார் என்று கேட்கும் நாட்டத்தோடு அவற்றைக் காண்போர்க்கு, ஒளியமைப்பிலும் சட்டகத்திலும் நிழலின் நடையிலும் திரைக்கலையின் வரலாறு முழுவதும் ஒரே பாத்திரத்தின் மீது எழுதப்பட்டிருப்பது புலனாகும்.