பாட்டா முன்னால் நடக்கட்டும்

மணவாளக்குறிச்சி வட்டாரத்துக்குப் பேரப்பிள்ளைகள் இரண்டு பருவமாக வருகிறார்கள். சென்னை, பெங்களூருப் பிள்ளைகள் ஏப்ரல், மே விடுமுறையில். வளைகுடா நாடுகளில் இந்தியப் பாடத்திட்டத்தில் படிக்கிறவர்கள் ஜூலை, ஆகஸ்டில். மண்டைக்காட்டு அம்மன் கோயில் மாசிக் கொடை இந்த இரண்டுக்கும் சிக்காது. அது பிப்ரவரி, மார்ச்சில், தேர்வு நெருங்கும் நேரத்தில் வந்து போய்விடும். கொடைக்குக் குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். ஆனாலும் பெண்கள் இருமுடி சுமந்து வரும் அந்தப் பெருங்கூட்டத்தை வெளியூர்ப் பேத்திகள் கைபேசியில்தான் பார்க்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள் நடக்கிறது. அதுவும் ஆடி, ஆவணியில். கனடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை அப்போதுதான். கொடியேற்றத் தேதியைப் பார்த்து விமானச் சீட்டு எடுக்கிற குடும்பங்கள் உண்டு. வந்து இறங்கியதும் ஒரு வான் பிடித்துக்கொள்கிறார்கள். அம்மம்மாவும் அப்பப்பாவும் முன்னிருக்கைப் பக்கம், பிள்ளைகள் பின்னால். குறிகட்டுவான் துறையில் படகேறி நயினாதீவு நாகபூஷணி அம்மன், கடலை ஒட்டியே நல்ல தண்ணீர் ஊறும் கீரிமலைக் கேணி, 1981இல் எரிக்கப்பட்டுத் திரும்ப எழுந்த பொது நூலகம், படித்த பள்ளிக்கூடம், கடைசியாகப் பழைய வீடு அல்லது அது இருந்த வளவு. எங்கே திரும்ப வேண்டும், யார் வீட்டில் இறங்க வேண்டும் என்று சொல்கிறவர் மூத்தவர். பிள்ளைகளின் அப்பா அம்மாவே பல இடங்களை முதல்முறை பார்க்கிறார்கள்.

இது யாரும் விரும்பித் தேடிக்கொண்ட ஏற்பாடு அல்ல. போரால் யாழ்ப்பாணத்துக்கு ரயில் 1990இல் நின்றது. யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்குள் நுழைந்தது 2014 அக்டோபரில். நடுவில் ஒரு தலைமுறை ஊர் பார்க்காமலே வளர்ந்துவிட்டது. பேரனுக்கு ஊரைக் காட்ட வேண்டுமென்றால், ஊரை அறிந்த தாத்தாவால்தான் முடியும். இழப்பிலிருந்து பிறந்த வழக்கம் என்றாலும், அதற்குள் இருக்கும் ஒழுங்கு நாமும் எடுத்துக்கொள்ள வேண்டியது என்று நினைக்கிறேன்.

அந்த ஒழுங்கு பழையதும்கூட. இலங்கையின் சிவனொளிபாதமலைக்கு டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை ஏறுகிறார்கள். 2,243 மீட்டர் உயரம், ஆயிரக்கணக்கான படிகள், பெரும்பாலும் இரவுப் பயணம். சிங்களக் கிராமங்களிலிருந்து கூட்டமாகப் போகிறவர்களுக்கு வழிநடத்துகிறவர் ஒருவர் இருப்பார். ‘நடே குரா’ என்பார்கள். பலமுறை ஏறிய மூத்தவர்தான் அவர். உச்சியில், எத்தனை முறை ஏறியிருக்கிறோமோ அத்தனை முறை மணி அடிக்கலாம். முதல்முறை வந்த பிள்ளைக்கு ஒரு மணி. அழைத்து வந்த பாட்டனுக்குப் பல மணி. மூப்புக்கு அங்கே கிடைக்கும் மரியாதை, பிள்ளையின் காதிலேயே விழுகிறது. நம்முடைய சபரிமலைப் பயணத்தில் குருசாமிக்கும் இதே இடம்தான்.

கோயிலுக்குப் போகும்போது மூத்தவருக்குத் தரும் இந்த இடத்தை, சுற்றுலா போகும்போது நாம் பறித்துவிடுகிறோம். பேரப்பிள்ளைகள் வந்ததும் வேன் ஏற்பாடு செய்து மூணாறுக்கும் வாகமண்ணுக்கும் புறப்படுகிறோம். தங்கும் விடுதி, சாப்பாடு, நேரம் எல்லாவற்றையும் மகனும் மருமகளும் முடிவு செய்கிறார்கள். ஆச்சி மாத்திரைப் பையோடு பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றி அவளுக்கும் ஒன்றும் தெரியாது. பேரனிடம் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. மலையும் குளிரும் நல்லவைதாம். ஆனால் அந்தப் பயணத்தில் அவள் துணைக்கு வந்தவள் மட்டும்.

இத்தனைக்கும் ஒரே நாளில் முடிகிற அருமையான கதை நம் காலடியில் கிடக்கிறது. காலையில் குளச்சல் கடற்கரை. 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்ற இடம். நினைவுத் தூண் நிற்கிறது. அங்கே பிடிபட்ட டிலனாய் என்ற படைத்தலைவர், பின்னாளில் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து அதன் தளபதியானார். அடுத்து புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. 1777இல் இறந்த அவருடைய கல்லறை அதற்குள் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். பிள்ளைகளைத் தமிழ் எழுத்துகளைத் தேடச் சொல்லலாம். பிறகு பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையில் செருப்பில்லாமல் நடப்பதே குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். திங்கட்கிழமைகளில் அரண்மனை மூடியிருக்கும். பகைவனாக வந்தவன் தளபதியாகி இந்த மண்ணிலேயே அடங்கிய கதையைக் கடற்கரையில் தொடங்கிக் கல்லறையில் முடித்து, அரண்மனையில் அசைபோடலாம். அதைச் சொல்லப் பாட்டாவைவிட யார் வேண்டும்?

ஜூலையில் வருகிறவர்களுக்குத் திட்டம் வேறு. சாரல் பருவத்தில் நம் மேற்குக் கடல் கொந்தளிக்கும். விசைப்படகுகளுக்கு ஜூலை கடைசிவரை மீன்பிடித் தடை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைப் படகும் சில நாள் நின்றுவிடும். திற்பரப்பு அருவியில் தண்ணீர் நிறைந்து விழும். வெள்ளம் கூடினால் குளிக்க விடமாட்டார்கள். எனவே அரண்மனைபோல் கூரையுள்ள ஓர் இடத்தை மாற்றாக வைத்துக்கொள்வது நல்லது.

இலங்கைக்காரர்களின் பயணத்தில் எனக்கு நெருடுவதும் ஒன்று உண்டு. இடிந்த சுவருக்கு முன்னால் அம்மம்மா அழும்போது, எட்டு வயதுப் பிள்ளை வெயிலில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. ஒரு நாளில் அத்தனை உறவினர் வீட்டுக்கும் போகவேண்டும் என்ற கட்டாயம் வேறு. விவரமானவர்கள் காலையில் வீட்டு வளவு, மாலையில் காரைநகர் கசூரினா கடற்கரை என்று பிரித்துக்கொள்கிறார்கள். அல்லது நல்லூர்ப் பக்கம் ஐஸ்கிரீம். துயரத்துக்கு அரை நாள் போதும், மீதி அரை நாள் பிள்ளைகளுடையது. அருவியிலும் ஆற்றிலும் மாமன் மகன், சித்தி மகள் எல்லாரும் சேர்ந்து கும்மாளமிடும் நம் பக்கத்து இலகுவை அவர்களும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரிலேயே தொடங்க வேண்டுமென்றால் மணலே இருக்கிறது. கறுத்த மணலைக் கையில் அள்ளினால், ஏன் இந்த நிறம் என்று பிள்ளை கேட்கும். இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாம் அதில் உண்டு. இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார் என்பார்கள். அந்த மணலைப் பிரிக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாட்டாக்கள் இங்கே இருக்கிறார்கள். மணல் எடுப்பதை எதிர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் அவர்கள் வாயாலேயே பிள்ளைகள் கேட்கட்டும். மறுநாள் காலை மண்டைக்காடு. கொடைக் கூட்டம் இல்லாத மே மாதத்திலும் கருவறையில் புற்றுதான் அம்மன். தலைவலிக்கு நேர்ந்துகொள்ளும் மண்டையப்பமும் உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் போனால் ஆச்சிக்கும் பேத்திக்கும் கட்டணமில்லை. வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். அதற்கடுத்த நாள் எங்கே போவது என்பதை ஆச்சியே சொல்லட்டும்.