நுண்ணுயிரில் எழுதிய தொடர்

கலைக்குக் கருவியாவன கல், உலோகம், வண்ணம், ஒலி, சொல் முதலியன என்பது நெடுநாளைய கொள்கை. உயிருள்ள பொருளே கருவியாதல் கூடுமோ என்னும் வினா இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. 1936-ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள நவீனக் கலைக் காட்சிச்சாலையில், நிழற்படக் கலைஞராகிய எட்வர்டு ஸ்டைக்கன் தாம் கலப்பு முறையால் உருவாக்கிய டெல்பினியம் மலர்களைக் காட்சிக்கு வைத்தார். அவை மலர்களின் படங்கள் அல்ல, மலர்களே. எனினும் அவை கண்ணுக்கு இனியனவாய் நின்றனவேயன்றி ஒரு கருத்தைக் கூற முற்பட்டனவல்ல. உயிரினுள் சொல்லையே பொதிந்து வைத்த படைப்புகளுள் தலையாயது, பிரேசில் நாட்டில் பிறந்த எடுவார்டோ காட்ஸ் என்பார் 1999-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் காட்சிப்படுத்திய 'ஜெனிசிஸ்' ஆகும். இஃது ஒரு மூலபாடத்தையும் அதன் திரிபையும் பொருளாகக் கொண்டமையின், இலக்கிய ஆராய்ச்சியாளரின் நோக்கிற்கும் உரியதாகின்றது.

படைப்பின் அமைப்பை முதற்கண் நோக்குவாம். கடல்மீன், வானத்துப் பறவை, நிலத்தில் இயங்கும் உயிர் ஆகிய அனைத்தின்மீதும் மனிதனுக்கு ஆட்சியுரிமை உண்டு என்னும் கருத்துடைய ஆதியாகமத் தொடர் ஒன்றன் ஆங்கில வடிவைக் காட்ஸ் தெரிந்தெடுத்தார். அதனை மோர்சு தந்திக்குறிகளாக மாற்றினார். பின்னர்க் கோட்டிற்குத் தைமின், புள்ளிக்குச் சைட்டோசின், சொல்லிடைவெளிக்கு அடினின், எழுத்திடைவெளிக்குக் குவானின் எனத் தாமே ஒரு முறை வகுத்து, அக்குறிகளை டி.என்.ஏ. வரிசையாக்கினார். ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட அவ்வரிசை நோய் விளைக்காத நுண்ணுயிர்களுள் புகுத்தப்பட்டது. காட்சிக்கூடத்திற்கு வந்தோரும் இணையவழிக் கண்டோரும் விரும்பின் புறஊதா விளக்கை ஏற்றலாம். அவ்வொளி நுண்ணுயிரின் மரபணு வரிசையைத் திரிக்கும், தொடரும் திரியும். காட்சி முடிந்தபின் அவ்வரிசை மீண்டும் ஆங்கிலமாகப் பெயர்க்கப்பட்டது. சில எழுத்துகள் மாறியிருந்தன. அவற்றுள் ஒன்று, மனிதனைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து.

தொடரை மாற்றுதல், வழிவழி வந்த அதன் பொருளை ஏற்க மறுத்தலின் அடையாளம் என்பது காட்ஸ் தரும் விளக்கம். இவ்விளக்கம் முற்றும் பொருந்துமா?

எழுத்துத் திரிபு என்பது நமக்குப் புதியதன்று. புள்ளியின்றியும், எகர ஏகார வேறுபாடின்றியும் எழுதப்பெற்ற ஏடுகளைப் படியெடுத்தோர் பாட வேறுபாடுகள் பலவற்றுக்குக் காரணராயினர். கண் அயர்வால் நேர்ந்தனவும், தாம் கொண்ட பொருளுக்கேற்பத் திருத்தியனவும் அவற்றுள் உண்டு. எவ்வாறாயினும், அத்திரிபின் பின்னே படித்த ஓர் உள்ளம் இருந்தது. பதிப்பாசிரியர் அவ்வுள்ளத்தை உய்த்துணர்ந்தே உண்மைப் பாடத்தைத் துணிகின்றார். நுண்ணுயிரோ தொடரைப் படித்ததுமில்லை, பொருள் கொண்டதுமில்லை. அதன்கண் நேர்ந்த மாற்றம் பாட வேறுபாடு அன்று, சிதைவேயாம். ஆதலின் திரிந்த எழுத்துகளில் புதுப்பொருள் தேடுதல் வீண்முயற்சி.

பின்னர்ப் பொருள் எங்குள்ளது எனின், விளக்கை ஏற்றும் கையில் உள்ளது என்போம். ஏற்றுபவர் ஆட்சியுரிமைத் தொடரை அழிக்க விழைகின்றார். ஆயினும் தம் விருப்பிற்காகப் பிறிதோர் உயிரின் வரிசையைச் சிதைத்து, அவ்வாட்சியையே செலுத்துகின்றார். ஏற்றாது ஒழிபவர் உயிரை வாளா விடுகின்றார். ஆயின் தொடரையும் வாளா விடுகின்றார். அவர் ஒழிந்தமையால் தொடர் காக்கப்படுவதுமில்லை. நுண்ணுயிர் பெருகும்போது இயல்பாகவும் திரிபு நேரும். இரு வழியும் அடைபட்ட இந்நிலையிற் காண்பாரை நிறுத்துவதே படைப்பின் ஆற்றல்.

இவ்விடத்து ஒன்று கூறற்பாலது. காண்பார் கைவைக்கு முன்னரே, ஆய்வுக்கூடத்தில் அத்தொடரை உயிரினுள் புகுத்தியபோதே, கலைஞர் அவ்வாட்சியைச் செலுத்திவிட்டார். ஆட்சியை வினவும் படைப்பு, ஆட்சியின்றித் தோன்றியிருத்தல் இயலாது. ஆசிரியர் விளக்கத்தில் மறுப்பு மட்டுமே ஒலிக்கின்றது. படைப்போ உடன்பாட்டையும் உடன் காட்டுகின்றது. ஆசிரியன் கூற்றும் நூலின் கூற்றும் மாறுபடுமிடத்து நூலையே சான்றாகக் கொள்ளல் திறனாய்வு நெறி. அந்நெறியால் நோக்கின், 'ஜெனிசிஸ்' தன் ஆசிரியர் கூறுவதினும் ஆழமுடையது என்பது எம் துணிபு.

கனடா நாட்டுக் கவிஞர் கிறிஸ்டியன் பொக்கின் 'ஜீனோடெக்ஸ்ட்' முயற்சியோடு ஒப்பிடின் இதன் தனித்தன்மை விளங்கும். அதன் முதல் நூல் 2015-இல் வெளிவந்தது. ஒரு கவிதையை மரபணுவாக்கி நுண்ணுயிரில் இடுதலும், அவ்வுயிர் அதற்கேற்ப ஆக்கும் புரதத்தை மறுமொழிக் கவிதையாகப் படித்தலும் அவர் நோக்கம். கதிர்வீச்சைத் தாங்கவல்ல நுண்ணுயிரை அவர் நாடியது, கவிதை நெடுங்காலம் நிலைத்தல் வேண்டும் என்பதற்காகவே. ஒருவர் சொல்லைத் திரிக்கும் ஒளிக்குக் கதவு திறந்தார். மற்றவர் அவ்வகைத் தாக்குதலுக்கு அசையாத இடம் தேடினார். கலைத்திறத்தில் பொக்கின் முயற்சி அரியது. மனச்சான்றைத் தொடுவதில் காட்ஸின் படைப்பே விஞ்சி நிற்கின்றது.

காட்ஸின் படைப்பு யாவும் இத்தகையன என்று கொள்ளற்க. 2000-இல் அவர் அறிவித்த 'ஜி.எஃப்.பி. பன்னி'யில், ஜெல்லி மீனிலிருந்து பெற்ற மரபணுவால் நீல ஒளியிற் பச்சையாய் ஒளிரும் முயல் இடம்பெற்றது. அது பெரும் பூசலை எழுப்பியது; ஆயின் அதில் வியப்பு முந்தியது, வினா பிந்தியது. உயிரைக் கருவியாக்குதலாலேயே ஒரு படைப்பு உயர்ந்துவிடாது. அவ்வுயிரைக் கருவியாக்க நமக்குள்ள உரிமை யாது என்னும் வினாவைப் படைப்பின் உறுப்பிலேயே அமைத்துத் தருவதே உயர்ந்தது. இவ்வகைக் கலையை அளத்தற்கு இனி வருவோர் இதனையே அளவுகோலாகக் கொள்ளல் தகும்.