உரையாடலாய்வின் கலைச்சொற்களும் சமூக உறவுகளும்

அன்றாடப் பேச்சு ஒழுங்கற்றது, ஆய்வுக்கு ஒவ்வாதது என்ற எண்ணத்தைத் தகர்த்தமை உரையாடலாய்வின் முதன்மையான சாதனையாகும். ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லொவ், கெயில் ஜெபர்சன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட கட்டுரை, பேசும் வாய்ப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறும் விதிகளை வகுத்தது. இதனை நாம் பேச்சுமுறை மாற்றம் எனலாம். வினாவும் விடையும், அழைப்பும் ஏற்பும் போல ஒன்றையொன்று வேண்டிநிற்பன அடுத்துறு இணைகள். பேச்சில் நேரும் இடர்ப்பாட்டைச் சீர்செய்தல் திருத்தம். பிறர் திருத்துவதிலும் தாமே திருத்திக்கொள்வது பெருவழக்கு என இம்மூவரும் 1977இல் எடுத்துரைத்தனர்.

இவை தமிழுக்கு முற்றிலும் புதியனவல்ல. தொல்காப்பியக் கிளவியாக்கம் செப்பையும் வினாவையும் இணைத்தே நோக்குகிறது. வினாவுக்கு மறுமொழியாக எழும் வினாவையும் செப்பாகவே கொள்கிறது. ஆயின், பழம்பெருமையோடு அமைதல் ஆய்வாகாது. இக்கருவிகள் எமது சமூகத்தில் எதனைக் காட்டுகின்றன, எதனை மறைக்கின்றன என்பதே வினா.

கிருலப்பனையில் யாழ்ப்பாணப் பின்னணி கொண்ட ஓர் இல்லத்தையும், அங்கு பணிபுரியும் மலையகப் பெண்ணையும் எடுத்துக்காட்டாகக் கருதுவோம்.

பணிப்பெண்: பக்கத்து வீட்டம்மா பேசுனாங்க.
இல்லத்தலைவி: ஏன் பேசினவ? நீ என்ன பிழை விட்டனீ?
பணிப்பெண்: இல்லைங்கம்மா, சும்மா... கதைச்சாங்க.

மலையக வழக்கில் 'பேசுதல்' உரையாடுதலைக் குறிக்கும். யாழ்ப்பாண வழக்கில் அது ஏசுதலையும் குறிக்கும். உரையாடலுக்கு அங்கு 'கதைத்தல்' என்பதே இயல்பான சொல். இரண்டாம் கூற்று வெளிப்படுத்திய பிழையான விளக்கத்தை மூன்றாம் கூற்று நீக்குகிறது. உரையாடலாய்வு இதனைத் தற்திருத்தம் என வகைப்படுத்தும். வகைப்பாடு சரியானதே. ஆனால் தன் சொல்லைக் கைவிட்டு மற்றவர் சொல்லை ஏற்றவள் ஏன் பணிப்பெண்ணாக இருக்கவேண்டும்? அவள் சொல்லிலே பிழை எதுவுமில்லை. யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீர், நீங்கள் என முன்னிலைப் படிநிலைகள் இருக்க, தலைவி 'நீ' என்கிறாள். பணிப்பெண்ணோ 'ங்க' விகுதியை விடுவதில்லை. பிரௌனும் கில்மனும் 1960இல் விளக்கிய, அதிகாரத்தைச் சுட்டும் சமச்சீரற்ற முன்னிலை வழக்கு இதுவே. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் வரலாறு, அந்தச் சிறு சொல்மாற்றத்தின் பின்னே நிற்கிறது.

சொல்லானது பேசுவோர்-கேட்போர் சமூக உறவிலே உருப்பெறுவதென வலோஷினொவ் 1929இலேயே வலியுறுத்தினார். அந்நோக்கு இன்றி, திருத்தம் என்ற கலைச்சொல் பணிதலைத் தன்விருப்பாகக் காட்டிவிடும். அதற்காக நுண்ணாய்வை ஒதுக்குவதும் தவறு. ஒடுக்குமுறை எந்தக் கணத்தில், எந்த விகுதியில் செயற்படுகிறது என்பதை அதுவே காட்டித் தருகிறது.

1960களில் ஈழத்துப் புனைகதையில் பேச்சுவழக்கின் இடம் பற்றி நிகழ்ந்த விவாதம், உழைக்கும் மக்களின் மொழிக்கு இலக்கிய உரிமை பெற்றுத்தந்தது. அவ்வுரிமையின் அடுத்த படியாக, கதைமாந்தரின் மொழி இயல்பானதா என்பதோடு, யார் வினவுகிறார், யார் தன் சொல்லை மாற்றிக்கொள்கிறார் என்பதையும் நமது விமர்சனம் கேட்டாக வேண்டும்.