அந்தச் சீலையை அவர் கண்டாரா? - குறுந்தொகை 167: ஒரு மறுவாசிப்பு

உயர்தர வகுப்பில் அகத்திணையை விளக்க வேண்டி வரும்போதெல்லாம் நான் எடுப்பது குறுந்தொகையின் 167ஆம் செய்யுளைத்தான். கூடலூர் கிழார் பாடியது. முல்லைத் திணை. ஆறே ஆறு அடி. புதிதாக மணம் முடித்தவர்களின் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய், தான் அங்கே கண்டதைப் பெண்ணைப் பெற்ற தாயிடம் சொல்கிறாள். சொல்வதற்குப் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைந்தாள். அந்த விரலைத் துடைத்த சீலையை மாற்றாமலே உடுத்திருந்தாள். தாளித்த புகை மை தீட்டிய கண்ணில் ஏறியது. தானே துழாவிப் புளிப்புக் கறி ஆக்கினாள். புருஷன் 'இனிது' என்று சாப்பிட்டான். அவளுடைய முகம் மெல்ல மலர்ந்தது. அவ்வளவுதான் செய்யுள்.

இதை நான் நெடுங்காலமாகப் படிப்பித்து வருகிறேன். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகச் செய்தபோது எழுதிவைத்த குறிப்பையே கொஞ்சம் தூசு தட்டிச் சொல்லுவேன்: "இல்லறத்தின் சிறு இன்பம், கணவனின் பாராட்டு, மனைவியின் நுண்ணிய மகிழ்ச்சி." பிள்ளைகளும் அதை அப்படியே எழுதிப் புள்ளி எடுப்பார்கள். கடைசி அடியில் வரும் 'மகிழ்ந்தன்று' என்ற சொல்லை 'மகிழவில்லை' என்று எழுதிய விடைத்தாள்களும் உண்டு. அது எதிர்மறை அல்ல, அஃறிணை இறந்தகாலம் என்று திருத்திவிடுவேன். என் வேலை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

சென்ற தவணையில் கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "சேர், அந்தச் சீலைய அவர் கண்டாரா?" என்று கேட்டுவிட்டாள்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "கண்டிருப்பார் மகள், இருங்க" என்றேன். மணி அடித்தது நல்லதாகப் போயிற்று. வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்து பார்த்தால், செய்யுளில் அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லை என்பதுதான் இந்தச் செய்யுளின் உயிர் என்று இப்போது எனக்குப் படுகிறது. இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில்.

முதலில் செய்யுளின் கட்டைப் பார்ப்போம். முதல் நான்கு அடிகளும் அவளுடைய வேலை. தயிர், விரல், சீலை, கண், புகை, கறி என்று ஒவ்வொன்றாக வருகின்றன. ஐந்தாம் அடியில்தான் கணவன் வருகிறான். அந்த அடி மூன்று சீர். மற்றவை எல்லாம் நான்கு சீர். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராய்க் குறைந்து வருவது இலக்கணம். ஆகவே புலவர் வேண்டுமென்றே குறைத்தார் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் குறைந்து நிற்கும் அந்த அடியில் எதை வைப்பது என்பது புலவரின் கையில் இருந்தது. அவர் கணவனை வைத்தார். அவனுக்கு ஒரேயொரு சொல்லைக் கொடுத்தார். நான்கு அடி உழைப்புக்கு எதிரே ஒரு சொல்.

அந்த ஒரு சொல் எப்படி இவ்வளவு கனக்கிறது? முன்னால் நான்கு அடி நின்று அதைத் தாங்குவதால்தான். அந்த நான்கையும் எடுத்துவிட்டு, 'கணவன் இனிது என்றான், மனைவி மகிழ்ந்தாள்' என்று மட்டும் எழுதிப் பாருங்கள். அது வெறும் உபசார வார்த்தை. நானோ இத்தனை வருடமாக வகுப்பில் அதைத்தான் செய்துவந்திருக்கிறேன். நான்கு அடியையும் 'வருணனை' என்று ஒரு சொல்லில் மூட்டை கட்டிவிட்டு, ஐந்தாம் அடியை 'இல்லற இன்பம்' என்று விளக்கினேன்.

இப்போது பிள்ளையின் கேள்விக்கு வருவோம். சீலையைக் கண்டது யார்? செவிலி. புகை கண்ணில் ஏறியதைக் கண்டது யார்? அதுவும் செவிலிதான். அவள் அடுப்படியைப் பார்த்தவள். கணவன் கண்டதாகச் செய்யுள் சொல்வது அவன் முன்னால் வந்த கறியை மட்டுமே. அவன் நல்லவன்தான். வாயைத் திறந்து சொன்னான். ஆனால் நன்றி என்பது இந்தச் செய்யுளில் இரண்டு பேரிடம் பிரிந்து கிடக்கிறது. சொல் அவனிடம், கண் செவிலியிடம். இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம், அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் நம்முடைய மனம். படிக்கிறவன் இரண்டையும் சேர்க்காவிட்டால் செய்யுள் பாதியில் நிற்கும்.

மகிழ்ந்ததும் 'அவள்' அல்ல, 'முகம்'. தான் மகிழ்ந்ததாக அவள் யாருக்கும் சொல்லவில்லை. முகத்தில் வந்து போனதைச் செவிலி பிடித்துக்கொண்டாள். அதுவும் 'நுண்ணிதின்'. உற்றுப் பார்க்கிறவருக்கு மட்டுமே தெரியும் அளவு. அந்த முகத்தைக் கணவன் கவனித்தானா என்பதற்கும் செய்யுளில் பதில் இல்லை.

இதை எங்கள் ஆசிரியர் அறையில் சொன்னபோது சக ஆசிரியை ஒருவர் சூடாகவே கேட்டார்: "ஆறடியில நாலடி அவட வேல. ஒரு சொல்லுக்காகப் புகையில கிடந்து வேகணும் எண்டு சொல்லிக் குடுக்கிற பாட்டுத்தானே சேர் இது? இதப் போய்க் குமர்ப்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீங்களே." இந்தக் கேள்வியைத் தட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. சங்க இலக்கியத்திலேயே அவருக்குச் சாட்சி உண்டு.

நற்றிணை 110ஐப் பாருங்கள். போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தித் தாதிமார் பின்னால் ஓட, குடிக்கமாட்டேன் என்று ஓடி விளையாடிய செல்வப் பெண். கொண்டவன் குடி வறுமைப்பட்டபோது தகப்பன் வீட்டுச் சோற்றை நினையாமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே கற்றாள் என்று தாய்மார் வியக்கிறார்கள். அழகான செய்யுள்தான். ஆனால் பசித்திருப்பவள் அதில் வாய் திறக்கவே இல்லை. அவளுடைய நிறைவை மற்றவர்கள்தான் சொல்கிறார்கள்.

அதற்குப் பக்கத்தில் ஐங்குறுநூறு 203ஐ வைத்துப் பாருங்கள். கபிலர் பாடியது. காதலனோடு போய்த் திரும்பி வந்தவளிடம், அந்த ஊர்த் தண்ணீரை எப்படிக் குடித்தாய் என்று தோழி கேட்கிறாள். சருகு மூடிய கிணற்றில் மான் குடித்து மிஞ்சிய கலங்கல் தண்ணீர் அது. நம்முடைய தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட அது இனியது என்கிறாள் இவள். இங்கும் இல்லாமைதான். இங்கும் தேன் கலந்த பால்தான் எதிரே வைக்கப்படுகிறது. ஆனால் பேசுகிறவள் அவளே.

இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. சிறு சந்தோஷத்துக்கு ஒருவர் தன் வாயால் சொல்வது நன்றி. குறைவாகக் கிடைத்தவருக்காக மற்றவர் எழுதிக் கொடுப்பது புத்திமதி. நம்முடைய மேடைகளில் 'சுகுர்' என்ற சொல் வந்தவுடன் விரல் பெரும்பாலும் பெண்கள் பக்கமே நீளுவதை எல்லாரும் அறிவோம். குறுந்தொகைச் செய்யுளில் அந்த விரல் திரும்பியிருக்கிறது. 'இனிது' என்று சொல்ல வேண்டியவன் உண்டவன். ஆக்கியவள் அல்ல. என் சக ஆசிரியைக்கு நான் சொல்லக்கூடிய பதில் இது ஒன்றுதான்: இந்தச் செய்யுளைக் குமர்ப்பிள்ளைகளுக்கு மட்டும் படிப்பித்தால் அது நீங்கள் சொல்லும் பாட்டாகிவிடும். பெடியன்களுக்கும் படிப்பிக்க வேண்டும். அவர்களுக்கே முதலில் படிப்பிக்க வேண்டும்.

இனி, நம் ஊருக்கு வருவோம். கிழக்கிலே இந்தச் செய்யுளைப் படிப்பிக்கும்போது ஒரு தடங்கல் எப்போதும் வரும். "அவ ஏன் சேர் உம்மாட வீட்ட இல்ல?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. குடிவருகிறவர் மாப்பிள்ளை. உம்மா அதே வளவுக்குள்ளோ பக்கத்து வளவிலோ இருப்பார். மகள் என்ன ஆக்கினாள், மருமகன் என்ன சொன்னார் என்பதைச் செவிலி ஒருத்தி போய்ப் பார்த்துவந்து சொல்லத் தேவையில்லை. குசினிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்கும்.

ஆகவே நம்மிடம் செய்யுள் தலைகீழாகிறது. குறுந்தொகையில் புது வீட்டில் புதிதாக நிற்பவள் பெண். நம் வீட்டில் புதிதாக நிற்பவர் மாப்பிள்ளை. இருந்தும் பரிமாறிவிட்டு முகம் பார்த்து நிற்பது இங்கும் அவள்தான். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, பக்கத்தில் உம்மாவும் இருக்கிறார். அப்படியும் அந்த ஒரு சொல்லுக்கான காத்திருப்பு மாறவில்லை. அந்தக் காத்திருப்பு வீட்டு உரிமையோடு தீர்ந்துபோகிற விஷயமல்ல என்பது எனக்கு இதிலிருந்து விளங்கியது.

நம்முடைய கிராமியக் கவிகளில் இதற்கு ஏதாவது உண்டா என்று தேடினேன். எஸ். முத்துமீரான் போன்றோர் அரும்பாடுபட்டுச் சேர்த்துத் தந்த செல்வம் அது. நான் படித்த, கேட்ட கவிகளில் கலியாணத்துக்கு முந்திய ஆசையும் ஏக்கமும் உண்டு. பிரிவு உண்டு, கைவிட்டவன் மேல் கோபம் உண்டு, நையாண்டி உண்டு. ஒன்றாக இருந்து சோறு தின்னும் புருஷன் பெண்சாதியைப் பாடும் கவி என் காதில் விழுந்தது அபூர்வம். வயல் காவலில் இருக்கும் ஆண் தூரத்தில் இருப்பவளை நினைத்துப் பாடுகிறான். வீட்டுக்கு வந்துவிட்டால் பாட்டு நின்றுவிடுகிறது. நம் சிறுகதைகளும் அப்படித்தான். சீதனத்தையும் தலாக்கையும் எழுதினோம். எழுதத்தான் வேண்டும். இன்னும் தீராத காயங்கள் அவை. ஆனால் முறியாமல் நடக்கும் ஒரு குடும்பத்தின் சாதாரணப் பகல் சாப்பாட்டை எழுத நமக்கு மொழி பழகவில்லை. எழுத்தில் பழகாத மொழி வாயிலும் வராது.

மார்க்கத்தில் குறையில்லை. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை, விரும்பினால் உண்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்கும் கூலி உண்டு என்பதும் நாம் கேட்டதுதான். மனிதருக்கு நன்றி செலுத்தாமல் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்திவிட முடியாது என்ற கருத்து அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. இவற்றையெல்லாம் நாம் மனப்பாடமாக அறிவோம். அறிந்தது குசினிவரை போகவில்லை.

என் வாப்பா வயல்காரர். போகம் தொடங்கினால் விடிய முதல் வட்டைக்குப் போய்விடுவார். அவருக்கு முன்னாலேயே உம்மா எழும்பி அடுப்பு மூட்டிச் சோறு கட்டிக் கொடுப்பார். வாப்பா உண்டு முடிந்ததும் வாய் நிறைய 'அல்ஹம்துலில்லாஹ்' என்பார். அது உண்மையான சுகுர். எனக்கு அதில் சந்தேகமில்லை. உம்மா அந்தச் சொல்லைக் கேட்டபடி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவார். தனக்கென்று இன்னொரு சொல்லை எதிர்பார்த்தாரா என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்க உம்மா இல்லை. செவிலியைப் போல அந்த வீட்டில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஆனால் உம்மாவின் சீலையில் என்ன கறை இருந்தது என்று கேட்டால் எனக்கு நினைவில்லை.

அந்தப் பிள்ளை கேள்வி கேட்ட அன்று பின்னேரம் என் வீட்டுக் குசினி வாசலில் கொஞ்சநேரம் நின்றேன். அன்று புளியாணம். மனைவி ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுகையால் சட்டியைத் துழாவிக்கொண்டிருந்தார். தோளில் போட்டிருந்த துண்டின் ஓரத்தில் மஞ்சள் கை துடைத்த அடையாளம். சாப்பிடும்போது, "இண்டைக்கு ஆணம் நல்லாரிக்கி. புகையிலயும் நிண்டுட்டீங்க" என்றேன். அவர் அகப்பையை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன, உப்புக் கூடிட்டா?" என்று கேட்டார்.

பதினெட்டு வருடத்துக்குப் பிறகு சொன்ன சொல்லுக்கு அந்தச் சந்தேகம் நியாயமானதே. நான் மறுமொழி சொல்லவில்லை. இன்னொரு அகப்பை ஆணம் கேட்டேன். ஊற்றினார். திரும்பிப் போகும்போது முகத்தில் ஏதோ வந்து போனது. 'நுண்ணிதின்' என்பதற்கு இத்தனை காலமும் அகராதிப் பொருளைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போது உறைத்தது.

அடுத்த தவணைப் பரீட்சைக்கு இந்தச் செய்யுளில் ஒரு வினா எழுதி வைத்திருக்கிறேன். 'இல்லற இன்பத்தை விளக்குக' என்பதை வெட்டிவிட்டேன். புது வினா இது: செவிலி கண்டவை எவை, அவற்றுள் தலைவன் கண்டவை எவை? பத்துப் புள்ளி. கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கு இது இலகுவாக இருக்கும். மற்றவர்கள், முக்கியமாகப் பெடியன்கள், கொஞ்சம் யோசிக்கட்டும்.