மூடிய கெர்னலுக்குள் ஒரு திறந்த ஸ்டப்

இயங்குதளத்தின் மையமான கெர்னல் பாதியில் நின்றுபோனால் அதே கணினியில் உட்கார்ந்து பிழையைத் தேட முடியாது. தேடும் கருவியைத் தாங்க வேண்டியதே விழுந்து கிடக்கிறது. அதனால் கெர்னலுக்குள் ஸ்டப் என்ற சிறு நிரலை வைத்து, சீரியல் கம்பி வழியே இன்னொரு கணினியில் ஓடும் ஜிடிபி என்ற பிழைநீக்கியோடு பேச வைக்கிறார்கள். மூல நிரலை வெளியிடாத நிறுவனங்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

ஜிடிபி 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதியது. நிரலைப் பரப்புவோர் மூலத்தையும் தர வேண்டும் என்று கேட்கும் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. ஆனாலும் மூடிய கெர்னலை அந்த உரிமம் தொடுவதில்லை. கம்பியின் இரு முனைகளிலும் இருப்பவை தனித்தனி நிரல்கள். அவற்றின் பேச்சும் எளிது: டாலர் குறி, ஆங்கிலச் சின்ன எழுத்து 'ஜி', ஹாஷ் குறி, பிறகு 67. 'ரெஜிஸ்டர்களைக் காட்டு' என்பது கட்டளை. 67 என்பது அந்த எழுத்தின் பதினாறடிமான மதிப்பு, கட்டளை சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்க. ஸ்டப் ஒரு கூட்டல் குறியால் ஒப்புக்கொண்டு மதிப்புகளை அனுப்பும்.

ஜிடிபியோடு வந்த மாதிரி ஸ்டப்களில் எச்பி நிறுவனம் தந்தவை பதிப்புரிமையே இல்லாமல் பொதுவுடைமையாக விடப்பட்டவை. எழுத்தை அனுப்பவும் வாங்கவும் இரண்டு செயற்கூறுகள், எக்ஸெப்ஷனைப் பிடிக்க ஒன்று என்று சிலவற்றை எழுதிச் சேர்த்தால் அந்தந்தச் சிப்பில் இயங்கும் எந்த கெர்னலிலும் ஓட்டலாம். புதிதாக கெர்னல் எழுதுபவர் பிழைநீக்கியையும் சேர்த்து எழுத வேண்டியதில்லை. இந்தத் தாராளம் அவர்களுக்குப் பெரிய உதவி.

குறைகளும் சிறியவை அல்ல. லினக்ஸ் 2.6.26இல், 2008இல் சேர்ந்த கேஜிடிபி என்ற ஸ்டப்பும் இதே வேலையைச் செய்கிறது, ஆனால் அது ஜிபிஎல் நிரல். நெறிமுறையைப் பார்த்துப் புதிதாக எழுதலாம். அந்த நிரலை வெட்டி ஒட்டி விற்றால் மொத்த கெர்னலின் மூலத்தையும் கேட்கும் உரிமைக்கு வழி திறக்கும். பொதுவுடைமை ஸ்டப்பிலோ எதிர்ச்சிக்கல்: உள்ளே செய்த திருத்தத்தைத் திருப்பித்தர யாருக்கும் கடமையில்லை. ஒரே பிழையைப் பல நிறுவனங்கள் தனித்தனியே திருத்த நேரும்.

இவற்றைவிடக் கவலைக்குரியது பாதுகாப்பு. இந்த நெறிமுறையில் கடவுச்சொல் கிடையாது. நினைவகத்தைப் படிக்கவும் மாற்றவும் ஒவ்வோர் எழுத்துக் கட்டளை போதும். ஸ்டப்பை அகற்றாமல் கருவியை விற்றால், சீரியல் முனையைத் தொட்டவர் கையில் கெர்னல் முழுதும் போய்விடும். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவரால் மூலத்தைத் திறந்து பார்க்கவும் முடியாது.

இருந்தாலும் ஸ்டப்பைப் பொதுவுடைமையாக விட்ட எச்பியின் முடிவு சரியானதே. அதன் பலனை அனுபவிக்கும் நிறுவனங்கள் ஸ்டப்பைத் தனிக் கோப்பாக வைத்து, அதை மட்டுமாவது வெளியிட வேண்டும். ரெஜிஸ்டரையும் நினைவகத்தையும் எடுத்துக் காட்டும் நிரலில் தொழில் ரகசியம் ஏதுமில்லை. விற்பனைக்குப் போகும் பதிப்பில் ஸ்டப் இல்லை என்று எழுத்தில் உறுதி தருவதும் அவர்கள் பொறுப்பு.